தண்ணீர் குதிக்காது

எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்கிற ஆளை நீங்கள் பார்க்கவே முடியாது. கிழக்குத் தாம்பரத்தில் எந்தத் தெருமுனையில் நின்று எந்த முகவரியைக் கேட்டாலும், அங்கே நிற்பவர் கையை நீட்டிவிடுவார். "நேராப் போய் லெஃப்ட்ல கட் பண்ணுங்க" என்பார். அந்தத் தெருவின் பெயரை அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கேட்டவர் வண்டலூர் வரைக்கும் போய் வெயிலில் வதங்கித் திரும்பி வந்தால், அதே இடத்தில் நின்றுகொண்டு, "இன்னா சார், கிடைச்சுதா?" என்று அக்கறையாக விசாரிக்கவும் செய்வார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் எனக்கு விடை தெரியாத கேள்வி வந்தால், "அது சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்று சொல்லியே பத்தொன்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

இந்த ஊரில்தான் ஒருநாள் காலை, கையில் பார்சலோடு வந்த கூரியர் பையன் எங்கள் வீட்டு மாடித் தளத்தைச் சரி செய்ய வந்து வாசலில் நின்ற அக்காவிடம் ஏதோ ஒரு தெருப் பெயரைச் சொல்லி வழி கேட்டான். அக்கா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "தெரியாதுபா" என்றார். "ஒரு மாசமா இந்தத் தெருவுக்குத்தான் வந்துகினு கீறேன். பக்கத்துத் தெரு பேரு இன்னான்னு கேட்டுக்கவே இல்ல. தப்பா சொல்லி உன்ன அலைய வுடக்கூடாது பாரு." அந்தப் பையன் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். அவனுக்கு அப்படி ஒரு பதில் அதற்கு முன் கிடைத்திருக்காது. அவன் தேடியது அடுத்த தெருதான்.

அக்காவுக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கீழ்க்கட்டளையில் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கான்கிரீட் போடும்போது கீழே நிறுத்துகிற இரும்பு முட்டு, ஜாக்கி, தகடு, சவுக்குக் கட்டை எல்லாம் அங்கே மலை மலையாகக் கிடக்கும். கல் சுமக்கிற சித்தாளாக வேலைக்கு வந்தவர். எப்படியோ கடைக்குச் சொந்தக்காரராகி, பிறகு பழைய வீடுகளில் தொய்ந்துபோன தளங்களைத் தூக்கி நிறுத்துகிற வேலைக்கும் வந்துவிட்டார். சேலைக்கு மேல் முழுக்கை சட்டை, தலையில் துண்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி. பீடி, சிகரெட் கிடையாது. தீப்பெட்டி எதற்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு பழசு. ரயில்வேயில் இருந்த யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் கட்டி, கைமாறிக் கைமாறி என் மாமனாரிடம் வந்தது. வரவேற்பறைக்கு நேர் மேலே மாடியில் ஒரு கூடம். அதன் தரை சிமெண்டு இல்லை, மரப்பலகை. சுவருக்குச் சுவர் பதினொரு தேக்குத் தூலங்கள் ஓடும். அவற்றின் மேல்தான் பலகை அடித்திருக்கும். கீழே சோபாவில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தால் தூலங்கள் வரிசையாகத் தெரியும்.

மாமனார் போன பிறகு அந்தக் கூடம் என் மாமியாரின் ராஜ்ஜியம். நான் அவர்களை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே ஜெபக்கூட்டம். முப்பது, நாற்பது பேர் வருவார்கள். அத்தைக்கு வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் அந்த ஒரு நாளைக்குப் பாய் விரிப்பதற்காகத்தான். அப்படி இருக்கும்போது தளம் குழிய ஆரம்பித்தது. என் மகளின் பந்து எங்கே போட்டாலும் உருண்டு கூடத்தின் நடுவுக்கு வந்து நின்றது. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒருநாள் சுவரோரத் தூலத்திலிருந்து மரத்தூள் கைப்பிடி அளவுக்குக் கொட்டியது. என் கணவர் அன்றைக்கே கூடத்தைப் பூட்டிவிட்டார். ஜெபக்கூட்டம் வீடு வீடாக மாறியது. அத்தை அடுத்தவர் வீட்டு நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் அத்தை பாதியாக இளைத்துப் போனார்கள்.

பார்க்க வந்த முதல் காண்ட்ராக்டர் மாடிப்படியில் கால் வைக்காமலே, "ஒண்ணும் ஆவாது சார், இன்னும் அம்பது வருஷம் நிக்கும்" என்றார். இரண்டாமவர் வாசலில் பைக்கை நிறுத்தாமலே, "இடிச்சுடுங்க சார்" என்றார். மூன்றாவதாக வந்தவர் அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்குப் போனார். கூடத்துக்குள் நடுவில் நடக்கவில்லை. பல்லி போகிற மாதிரி சுவரை ஒட்டியே ஒரு சுற்று சுற்றி வந்தார். கீழே இறங்கி அண்ணாந்து ஒரு மணி நேரம் பார்த்தார்.

"என்ன அக்கா, சரி பண்ண முடியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. நாளைக்கு வந்து பாக்கறேன்."

மறுநாளும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். மூன்றாம் நாளும் அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாது என்று சொல்வதற்கு ஒரு ஆளா, அதற்கு நாங்களே போதாதா என்று கணவரிடம் புலம்பினேன். நான்காம் நாள் ஒரு துரப்பணத்தை எடுத்து வந்து, ஒவ்வொரு தூலத்திலும் சுவரோரம் ஒரு ஓட்டை, நடுவில் ஒரு ஓட்டை என்று விரல் கனத்துக்குப் போட்டு, வந்த தூளை இருபத்திரண்டு காகிதத்தில் தனித்தனியாக மடித்து வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து அத்தையைக் கூப்பிட்டார்.

"நடு மரம் நல்லாகீது பெரீம்மா. சொவத்துக்குள்ள போற முனைதான் ஈரத்துல பூட்ச்சு. ரெண்டு பக்கமும் இரும்புச் சேனல் வெச்சு போல்ட் போட்டுக்கலாம். நீ இத்த சொல்லு. மேல எத்தினி பேரு வருவாங்கோ? யாரு எங்க குந்துவாங்கோ? இன்னா பண்ணுவாங்கோ?"

அத்தை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெண்கள் கிழக்குச் சுவர் பக்கம். ஆண்கள் ஜன்னல் பக்கம். சபை மூப்பர் நாற்காலியில். கீபோர்டு மூலையில். மொத்தம் நாற்பது.

"பாடுவீங்கோளா?"

"பாடுவோம்."

"எழுந்து ஆடறது, குதிக்கறது..."

அத்தையின் முதுகு நிமிர்ந்தது. "நாங்க அந்த மாதிரி கூட்டம் இல்லம்மா. எங்க சபையில அதெல்லாம் பழக்கம் இல்ல. அமைதியா உட்காந்து ஜெபிப்போம்" என்றார்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அத்தை சொன்னது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. எங்கள் சபை கை தட்டக்கூட யோசிக்கிற சபைதான். ஆனால் கூட்டம் முடிவதற்கு முன் பத்து நிமிஷம் பிள்ளைகளுக்கென்று ஆக்‌ஷன் சாங் உண்டு. கையை ஆட்டு, காலை உதை, இப்போது எல்லோரும் குதி என்று வருகிற பாட்டு. என் மகள்தான் முன்வரிசை. பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்கள் எழுவார்கள். அப்புறம் அப்பாக்களும் எழுவார்கள். கடைசிப் பாட்டில் அத்தையே எழுந்துவிடுவார்கள். வெளியாளிடம் அதைச் சொல்ல அத்தைக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மாமியார் பேச்சில் குறுக்கிட எனக்குத் தைரியம் இல்லை. தூலத்துக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர்!

வேலை தொடங்கியது. தூலங்களுக்குக் கீழே இரும்பு முட்டு நிறுத்தி ஜாக்கி வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒவ்வொரு ஜாக்கியிலும் அரைத் திருகுதான். அதற்கு மேல் கிடையாது. ஒரே நாளில் தூக்கினால் என்ன அக்கா என்று கேட்டேன்.

"தூக்கலாம். ஆனா எந்தக் கட்டை எப்ப பிளக்கும்னு எனக்குத் தெரியாதே."

ஜாக்கியைத் திருகுகிற நேரத்தில் அறைக்குள் அக்கா மட்டும்தான் இருப்பார். அவரிடம் ஒன்பது ஆட்கள் வேலை செய்தார்கள். ஜாக்கி திருகுவதில் கைதேர்ந்தவர்கள். எல்லோரையும் வாசலுக்கு அனுப்பிவிடுவார். ஒரு வெல்டர் அண்ணன், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், "நானும் நிக்கிறேன்க்கா" என்று உள்ளே வந்தார். "உனக்கு இன்னா தெரியும் மேல இன்னாகீதுன்னு? எனக்கே தெரியாது. போய் டீ சாப்டு" என்று விரட்டினார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய வீட்டின் மொத்த பாரமும் முனகிக்கொண்டு ஒரு நூல் மேலே ஏறும். அதற்கடியில் துண்டு கட்டிய ஒரு பெண் தனியாக நின்று, ஸ்பானரைக் கால் வட்டம் தள்ளி, நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, மறுபடியும் கால் வட்டம் தள்ளுவார். பதினொரு நாளில் மகளின் பந்து போட்ட இடத்திலேயே நின்றது.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னால் ஏதோ ஒரு துயரக் கதை இருக்கும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கண் முன்னால் ஒரு கட்டடம் விழுந்திருக்க வேண்டும். வேண்டியவர் யாரோ அடியில் சிக்கியிருக்க வேண்டும். காபி கொடுக்கும்போது மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. நான் பொறந்ததுலேர்ந்தே இப்டிதான். சோறு வெந்துச்சான்னு எங்கம்மா கேட்டா, தொட்டுப் பாக்காம சொல்ல மாட்டேன். அதுக்கே எத்தினி அடி வாங்கிகீறேன் தெரியுமா!" எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தூலங்களின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டமாகச் சேனல் ஏற்றி போல்ட் முடுக்கி எல்லாம் முடிந்த பிறகு, தளத்தை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எதை வைத்து? "ஒரு ஆளுக்கு நாலு கொடம் தண்ணி" என்றார். நாற்பது பேருக்கு நூற்று அறுபது குடம். அது கடும் கோடை. தெருவே லாரித் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த நேரம். அக்கா வீடு வீடாகப் போய், காலிக் குடம் கொடுத்தால் சாயங்காலம் நிறைகுடமாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னார். பத்து நிமிஷத்தில் எங்கள் வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் குவிந்துவிட்டன. லாரியைச் சொல்லி வரவழைத்தோம்.

அத்தை சொன்ன கணக்குப்படியே கூடத்தில் குடங்களை அடுக்கினார்கள். கீபோர்டு வாசிப்பவருக்கு நாலு, பெண்கள் பக்கம் வரிசை வரிசையாக நாலு நாலாக. வேடிக்கை பார்க்க வந்த சபை மூப்பர் நாற்காலி போடும் இடத்தில் மட்டும் ரெண்டு கூடுதலாக ஆறு குடம் இருப்பதைப் பார்த்து, "இது யாரும்மா?" என்றார்.

"நீங்கதான் சார்" என்றார் அக்கா.

கீழே, ஒவ்வொரு தூலத்துக்கும் அடியில் ஒரு சவுக்குக் கட்டையை நிறுத்தியிருந்தார்கள். தூலத்துக்கும் கட்டைக்கும் நடுவில் தீப்பெட்டி நுழைகிற இடைவெளி. தளம் இறங்கினால் தீப்பெட்டி நசுங்கும். அதற்கும் மேல் இறங்கினால் கட்டை தாங்கும். ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் மேலே நின்றது. அக்கா சோறு தண்ணி இல்லாமல் அடியில் உலாத்திக்கொண்டு, பதினொரு இடத்திலும் தீப்பெட்டியை நுழைத்து நுழைத்து எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் பெட்டி வழுக்கிக்கொண்டு போய் வந்தது. "சரி, கூட்டம் நடத்திக்கோங்க" என்றார். கட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். குடங்கள் நிறைந்தபடியே வீடு வீடாகத் திரும்பின; தெருவுக்கு அன்றைக்குத் திருவிழாதான்.

அடுத்த சனிக்கிழமை, ஒரு வருஷத்துக்குப் பிறகு, அத்தை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மாடி ஏறினார்கள். நாற்பது பேர் வந்தார்கள். ஐந்தே முக்கால் இருக்கும். நான் கீழே டீ போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ நின்ற சத்தம், கேட் திறந்த சத்தம். அக்கா செருப்போடு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"ஆரம்பிச்சுட்டாங்கோளா?"

"முடியப்போகுது அக்கா. ஏன்?"

"பசங்கோ குதிக்குமா? உண்மைய சொல்லு டீச்சரம்மா. பசங்கோ குதிக்குமா?"

அன்றைக்கு அக்கா கீழ்க்கட்டளையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு மேடை முட்டுக் கொடுக்கப் போயிருக்கிறார். ஒத்திகையில் முப்பது பிள்ளைகள் ஒரே தாளத்தில் குதித்ததும், அவர் போட்ட மேடை அவர் கண் முன்னால் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த இடத்திலேயே எங்கள் கூடம் ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார்.

"குதிப்பாங்க" என்றேன்.

அக்கா மாடிக்கு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். பிள்ளைகள் முன்னால் வந்து வரிசையாக நின்றாகிவிட்டது. என் மகள் நடுவில் இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றாள். கீபோர்டு முதல் சுரத்தைப் பிடித்துவிட்டது. அக்கா வாசற்படியில் நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"அல்லாரும் மன்னிச்சுக்கணும். யாரும் குதிக்காதீங்கோ. ரெண்டு ரெண்டு பேரா, சொவத்தோரமா கீழ எறங்கிடுங்கோ. நான்தான் இந்தத் தளத்த சரி பண்ணவ. தப்பு பண்ட்டேன்."

அத்தை எழுந்தார்கள். முகம் சிவந்திருந்தது. "ஏம்மா, நீதானே பாத்துட்டு சரின்னு சொன்ன?"

"சொன்னேன் பெரீம்மா. தண்ணி வெச்சுப் பாத்துட்டு சொன்னேன். தண்ணி குதிக்காது. பசங்கோ குதிக்கும். குதிச்சா தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

சபை மூப்பர் பெரியவர், நல்ல மனிதர். "பயப்படாதம்மா, கர்த்தர் காப்பார்" என்றார்.

"அது அவருக்குத் தெரியும் சார்" என்றார் அக்கா, பணிவாகவே. "எனக்குத் தெரியலியே."

நாற்பது பேர் இரண்டிரண்டாகச் சுவரை ஒட்டி இறங்கினார்கள். இறங்குகிற ஒவ்வொருவரும் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அது மரியாதையான பார்வை இல்லை. அவர் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, கையை வாசல் நிலையில் ஊன்றி நின்று, இறங்குகிற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரும்பும் ஜாக்கியும் ஏறுகிறபோது பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நாற்பது பேர் முன்னால் தப்பு பண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றாரே, அங்கேதான் நான் அவரைப் பார்த்துப் பிரமித்துப் போனேன். அந்தத் தப்பில் பாதி அத்தையுடையது, மீதி என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் மற்றவர்கள் பின்னாலேயே இறங்கிப் போனோம்.

கணவருக்குக் கோபம் ஆறவில்லை. தெரிந்த ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டி வந்தார். அவர் அளந்து, கணக்குப் போட்டு, இதுவே தாங்கும், அந்தம்மா ரொம்பப் பயந்துட்டாங்க என்று சிரித்துவிட்டுப் போனார். கணவர் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். சபை முன்னால் எங்கள் அம்மாவை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்றும் சொன்னார். அக்கா என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். கணவர் போனை மேசையில் வைத்தார்.

"'அவரு சரியாத்தான் சொல்லியிருப்பாரு சார். ஆனா அன்னிக்கு எனக்குத் தெரியாதுல்ல'ன்னு சொல்றாங்க."

அத்தை சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானமே என்னைக் கூட்டிக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனார்கள். இரும்பு முட்டுகளுக்கு நடுவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "தப்பு உன்னோடது இல்லம்மா. நீ கேட்ட. நான்தான் சொல்லல" என்றார்கள்.

"கேட்டுகினேன், பாக்கல" என்றார் அக்கா. "ஒரு சனிக்கெழம வந்து குந்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். அது என் வேல. வுடு பெரீம்மா, டீ சாப்டறியா?"

அக்கா திரும்பவும் வந்தார். ஒவ்வொரு தூலத்துக்கும் அடுத்த தூலத்துக்கும் நடுவில் குறுக்குக் கட்டைகளை இறுக்கி அடித்து, ஒன்று அசைந்தால் எல்லாம் சேர்ந்து தாங்கும்படி செய்தார். நடுவில் குறுக்காக, விட்டம் மாதிரி ஒரு இரும்பு கர்டர் ஏற்றினார். இந்த முறை சோதனைக்குத் தண்ணீர் இல்லை. ஆள் வேண்டும் என்றார். பிள்ளைகளை அனுமதிக்கவில்லை. அவருடைய ஒன்பது ஆட்கள், என் கணவர், நான், சபை வாலிபர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று முப்பத்தொன்பது பேர் சேர்ந்தோம். நாற்பதாவதாக அத்தை படியேறி வந்தார்கள். எழுபத்தோரு வயது, முழங்கால் வலி. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

"குதிக்க மாட்டோம்னு சொன்னது நான்தானே? அப்ப நான் குதிக்கணும்."

கீழே மறுபடியும் சவுக்குக் கட்டைகள், தீப்பெட்டி, தனியாக அக்கா. மேலே எங்களில் ஒருவர் தாளம் போட, நாற்பது பேரும் குதித்தோம். பலகை அதிர்ந்தது. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு அங்குலம் எழும்பினார்களோ என்னவோ, ஒவ்வொரு தாளத்துக்கும் விடாமல் எழும்பினார்கள். மூச்சு முட்ட முட்டச் சிரித்தார்கள். பத்து நிமிஷம் கழித்துப் படி முனையில் நின்று கீழே பார்த்து, "இப்ப என்னம்மா சொல்ற?" என்றார்கள்.

அக்கா தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டார். "நாப்பது பேரு. குதிச்சாலும் பரவால்ல. அதுவரைக்கும் எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அத்தை பெயிண்டரைக் கூப்பிட்டுப் படியடிச் சுவரில் '40 பேர்' என்று எழுத வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கூட்டம் நடந்தது. சனிக்கிழமைகளில் அத்தை படியடியில் நாற்காலி போட்டு எண்ணித்தான் ஆள் அனுப்புவார்கள். நாற்பத்தோராவது ஆள் போதகராகவே இருந்தாலும் எங்கள் சோபாவில்தான் உட்கார வேண்டும்.

போன வருஷம் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், சாயங்காலம் நான்கு மணிக்கு ஆறுதல் ஜெபத்தை அந்தக் கூடத்தில்தான் வைத்தோம். வேறு எங்கே வைப்பது? கூட்டம் அதிகம். படியடியில் நான் நின்றுகொண்டு எண்ணி அனுப்பினேன். மூன்று நாளாக வந்தவர்களுக்குக் காபி, படுக்கை, போன் என்று அலைந்ததில் எனக்கு அழக்கூட நேரம் கிடைத்திருக்கவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது. கையை நீட்டி வழியை மறித்தேன். மறித்த கைக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார். முழுக்கை சட்டையும் தலைத் துண்டும் இல்லாமல் வெறும் சேலையில் அவரை நான் பார்த்ததே இல்லை. முடி நன்றாக நரைத்திருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீங்க போங்க அக்கா. ஒருத்தர்தானே. உங்க தளம்தானே" என்றேன்.

"மேல எத்தினி பேரு?"

"நாற்பது."

"உன்ன எண்ணிகினியா?"

நான் என்னை எண்ணவில்லை. மாமியாருக்கான ஜெபத்தில் மருமகளுக்கு இடம் வேண்டும் என்பதையே மறந்து, ஊரையெல்லாம் எண்ணி அனுப்பியிருக்கிறேன். அக்கா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "யாரனா ஒருத்தர எறங்கச் சொல்லட்டா? நான் சொல்றேன்" என்றார். வேண்டாம் என்று தலையசைத்தேன். என் தோளைப் பிடித்து மெதுவாக வரவேற்பறைக்குள் கூட்டிப் போனார். தூலங்களுக்கு நேர் கீழே நடு அறையில் இரண்டு பேரும் நின்றோம்.

மேலே பாட்டு ஆரம்பித்தது. அத்தைக்குப் பிடித்த பாட்டு. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது; ஒரேயடியாக வந்தது. அக்கா ஆறுதல் சொல்லவில்லை. என் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து தூலங்களைப் பார்த்தபடியே நின்றார். பிள்ளைகளும் பாட்டில் சேர்ந்துகொண்டார்கள். நாற்பது பேரின் கால் மாற்றி நிற்கிற சத்தம் எங்கள் தலைக்கு மேலே கேட்டது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"பாட்டு நல்லாகீது டீச்சரம்மா" என்றார், கண்ணைக் கீழே இறக்காமல். "மீதி, முடிஞ்சதும் சொல்றேன்."